உருகிய சப்போட்டா

சனிக்கிழமை, இரவு.

இன்று முதலியார்பேட்டை மெயின் ரோட்டில், உருகிப்போன சப்போட்டா ஐஸ்கிரீம் வாளியைக் கட்டிப்பிடித்து அழுதேன். எதிர்வீட்டுக்காரி போட்டோ எடுத்துவிட்டாள்.

அது ஐஸ்கிரீம் வியாபாரம் தொடங்கிய என் மனைவி வசந்திக்குக் கிடைத்த முதல் ஆர்டர். நாளைக் காலை கனகசெட்டிக்குளத்தில், சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை விருந்து. வேன் ஓடும்போது பின்னால் இழுக்கும் டிரெய்லரின் பேட்டரிக்கும் சார்ஜ் ஏறினால்தான் அதிலுள்ள ஃப்ரீசர் ஓடும். வேனிலிருந்து அந்தச் சார்ஜைத் திருப்பிவிடும் ரிலே சுவிட்சை நானே மாட்டினேன். மச்சினன் குமார் எலக்ட்ரீஷியன்தான். கூப்பிட என் வீறாப்பு விடவில்லை. பகலெல்லாம் ஊரைச் சுற்றியும் சார்ஜ் ஏறவே இல்லை.

கடைசியில் குமாரே வந்து பார்த்தான்.

"ஒயரிங் சரியாதான் இருக்கு மாமா. எங்கியோ ஷார்ட் ஆயி ஃபியூஸ் போயிருக்கு."

"பாத்தியா வசந்தி? நான் செஞ்சது சரி!"

"அப்ப நாளைக்கு உங்க சரியையே கிண்ணத்துல போட்டுக் குடுக்கட்டா?"

இப்போது அடுப்படியில் மறுபடி பால் காய்ச்சுகிறாள். விடிவதற்குள் உறையாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரண்டியைப் பிடிக்கப் போனால், "போய்ப் படுங்க" என்கிறாள்.

குமார் வருவதற்கு முன்பே, ரிலே முனைகளில் உரசிக்கொண்டிருந்த கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் வேலைக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று நானே கட்டிய எலுமிச்சை, மிளகாய் கோத்த கம்பி.