வேனை மூலையில் நிறுத்தச் சொன்னாயே

அன்பு மகன் தம்பிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிற உடம்போடு நன்றாகவே இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்றால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குச் சர்க்கரை கூடிவிட்டதால் வீட்டில் இனிப்பு டப்பாவை இடம் மாற்றிவிட்டாள், எங்கே என்று எனக்கு மட்டும் தெரியாது. கண் பரிசோதனையில் தேறிவிட்டேன், பள்ளி வேனை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்.

உன் கடிதம் வந்தது. நான் லீவில் ஊருக்கு வருகிற வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் மருந்துக்கடை மூலையில் வேனை நிறுத்துங்கள், என் மகளை ஒரு நாள் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன், பெற்ற அப்பனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். ஆனால் நிறுத்த மாட்டேன். வேனில் பதினெட்டுப் பிள்ளைகள், யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அவர்களுடைய போட்டோ ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டியிருக்கிறது. அவள் அட்டையில் அவள் அம்மா மட்டும்தான். தினமும் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மற்றப் பிள்ளைகளைப் போலவே என்னை டிரைவர் அங்கிள் என்கிறாள், தாத்தா என்று அவளுக்குத் தெரியாது. கோபம் வந்தால் உன்னைப் போலவே மூக்கைச் சுருக்குகிறாள். நான் எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு வண்டியை ஓட்டுகிறேன்.

நீங்கள் கல்யாணம் செய்யாமல் சேர்ந்திருந்ததையும் பிரிந்ததையும் நான் இப்போது கிளறவில்லை. போன வாரம் குழந்தையின் அம்மா, வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்த கையோடு நேரே வந்து ஒரு நகலைக் காட்டினாள். பிள்ளைக்குச் செலவுப் பணம் கேட்டு அவள் போட்ட வழக்கில், கோர்ட் நோட்டீசுக்கு நீ அனுப்பிய பதில். எனக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன், எனக்குக் கடிதம் எழுதியதற்கு முந்தின நாள். செலவுக்குப் பயந்து அங்கே கைகழுவிவிட்டு ஆசைக்கு இங்கே மகள் என்றால் எப்படித் தம்பி. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாகிவிட்டது. அவள் சத்தம்கூடப் போடவில்லை. பார்க்கக் கூடாதுன்னு நான் எப்பவும் சொன்னதில்ல மாமா, அப்பான்னு ஒத்துக்கிட்டு வரட்டும், பார்க்கிற நாளையும் கோர்ட்டே எழுதிக் கொடுத்துடும் என்றாள்.

நீ ஊரில் இருக்கப்போகிற அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன். என் மகள் என்று நீ கைப்பட எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கும், கேட்டால் ஜட்ஜிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவே இப்படிச் செய்யலாமா என்பாய். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசே இல்லை, அந்தப் பிள்ளையை அப்பன் இல்லாதவள் என்று எழுத விடவும் மனசில்லை. அம்மாவிடம் சொன்னேன், என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டாள். எனக்கு முன்னால் நீ எழுந்து, ஆமாம், என் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டால் நான் அந்தக் கடிதத்தை வெளியே எடுக்கவே மாட்டேன்.

எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அதில் மாற்றமில்லை. கோர்ட்டில் கேட்பார்கள், உன் அடையாள அட்டையின் ஒரிஜினலை மறக்காமல் எடுத்து வா. நீ வராவிட்டாலும் நான் போவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா