சுவரில் விட்டுவைத்த இடம்

போலகம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு,

மாமா சோமசேகரன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் இருக்கிறோம். அங்கே உங்கள் இருவரின் நலத்தையும் நீங்கள்தான் சொல்லவேண்டும். தினமும் போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடிதாசி என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் பக்கத்தில் கீர்த்திகா படுத்திருக்கிறாள். என் பக்கத்தில் உங்கள் அத்தை ஸ்பீக்கரைப் போடு, ஸ்பீக்கரைப் போடு என்று உயிரை எடுக்கிறாள். தாய், மகள் இரண்டு பேர் காதிலும் விழக்கூடாத பேச்சு இது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், நீங்கள் சென்னையில் எடுத்திருக்கும் ரூம் விலாசத்துக்குப் போடுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மேட்டூர் தண்ணீர் இன்னும் நம்ம வாய்க்காலை எட்டிப் பார்க்கவில்லை. போர்வெல் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறேன். கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிறது. உங்கள் வீட்டை வாரம் ஒருநாள் திறந்து அத்தை கூட்டிப் பெருக்குகிறாள். கொல்லை முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. வேர் நன்றாக இருக்கிறது, துளிர்த்துவிடும்.

பட்டினம் மெயின் ரோட்டில் நெல் கிடங்குச் சுவரில், பேர் வாங்கிய நம் பக்கத்துப் பெண்களின் படங்களை வரைவதைப் பற்றி உங்களிடம் சொன்னேன். மாங்கனித் திருவிழாவுக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று அவசர அவசரமாக வரைந்துவிட்டார்கள். முதல் படம் அம்மையார். அதைக் கேட்கவே வேண்டாம். அடுத்து மண்டபத்தூர் அஞ்சுகம், மீன் கூடையோடு பெண்களை பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றதற்கு நடுரோட்டில் உட்கார்ந்தாளே, அந்த அம்மாள். அப்புறம் பிரெஞ்சுக்காரன் காலத்து டீச்சரம்மா ஒருத்தர், ஒரு டாக்டரம்மா. கடைசியில் நம்ம கீர்த்திகா. கஜா புயலில் ரோடெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தபோது என் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்தாளே, அதை வைத்துக் கையில் ஒரு பச்சைக் குழந்தையோடு வரைந்திருக்கிறார்கள். மூக்கு கொஞ்சம் நீளம். மற்றபடி அவளேதான். உங்கள் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் என் மகள், நர்ஸ் என்று கை நீட்டிக் காட்டுகிறாள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பட்டினத்துக்கு உரம் வாங்கப் போனேன். படங்களுக்கு மேலே ஆணி அடித்து வரிசையாகச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் போட்டது சரி, எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்குச் சந்தன மாலையை எந்த மடையன் போடுவான்? வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தராவது ஏன் என்று கேட்டிருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

நேராக இளையபெருமாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். சுவர் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வாசலில் நின்றே கத்தினேன். அவர் என்னை உட்கார வைத்து, மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார். இருப்பவர்களை வரைந்தால் எங்கள் தெருவில் ஒருத்தி இல்லையா, எங்கள் கட்சியில் ஒருத்தி இல்லையா என்று அடிதடியாகிவிடும், அதனால் காலமானவர்கள் மட்டும்தான் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தார்களாம். அதை நினைத்துத்தான் மாலை போட்ட ஆள் எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டானாம். அப்படியென்றால் என் மகள் அங்கே எப்படி வந்தாள் என்று கேட்டேன். வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்திரையிலேயே நீங்கள் போன் பண்ணி, கடைசியில் ஒரு இடம் விட்டுவையுங்கள் சார் என்று கேட்டீர்களாம். போன மாதக் கடைசியில் போட்டோ அனுப்பி, இனிமேல் வரைந்துவிடலாம் என்றீர்களாம். சோமசேகரன், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மோரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை? கட்டி சின்னது, மருந்திலேயே கரைந்துவிடும், ஆவணியில் வந்துவிடுவோம் என்றுதான் எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதுதான். போன மாதக் கடைசியில் டாக்டர் என்ன சொன்னார்? சுவரில் கீர்த்திகா படம் வந்திருக்கிறது என்று நான் போனில் சொன்னபோது, அப்படியா மாமா என்று அப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி கேட்டீர்களே.

ஒருவேளை, படுத்திருக்கும் பெண்டாட்டி சந்தோஷப்படட்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருப்பீர்கள், வாத்தியாரும் மனசு இளகி விதியைத் தளர்த்தியிருப்பார். அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் அவளிடம் ஏன் இன்னும் சொல்லவில்லை? முந்தாநாள் அவள் அம்மா சுவர் என்று வாயைத் திறந்ததுமே போனை வாங்கிப் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. வேலையை விட்டுவிட்டு, ரூம் இருந்தும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறீர்கள். பெற்றவன் நான் இங்கே நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அத்தைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கீர்த்திகா வந்ததும் அவளுக்குக் கட்டிவிட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கவேண்டும் என்று கிளிப்பச்சையில் ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறாள். நேற்று முல்லைப்பூ கட்டி எடுத்துக்கொண்டு, மகள் தலையில் வைக்கிறேன் என்று, சந்தன மாலை தொங்கிய அந்த ஆணியிலேயே மாட்டினாள். நான் கூடத்தான் நின்றேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று காலை போய் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

காலை வேளையில் போர் செட்டில் நான் தனியாகத்தான் இருப்பேன். அப்போது கூப்பிடுங்கள். எதுவானாலும் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால், கிளம்பி வாங்க மாமா என்று மட்டும் சொல்லுங்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிந்து, டீக்கடைக்காரனுக்கும் தெரிந்து, பெற்ற தாய் மட்டும் கடைசியில் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வாளோ என்று பயமாக இருக்கிறது.

கீர்த்திகாவுக்கு ஆசீர்வாதம் எழுத உட்கார்ந்து கை வராமல் இருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலில் விழும்போதெல்லாம், தீர்க்க சுமங்கலியாய் இரு என்று அட்சதை போட்டுத்தானே பழக்கம். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததே இல்லை. நீங்கள் இருக்க, அவள் முன்னால் போகவேண்டும் என்பதுதானே அது. என் வாயாலேயே வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பேரும் நூறு வயசு இருங்கள் என்று அப்பா சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமா,
சோமசேகரன்