பக்கத்து வீட்டுக்கும் இரண்டு டின்

சனி, 8 மார்ச்
காலையிலிருந்து தூறல். கோலசிலாங்கூர் அடுக்குமாடியில் கடைசி இரத்த மாதிரி. பழைய தோட்டக் குடும்பங்கள், எல்லாருக்கும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மூன்று மாதமாகப் பாதிப் பேருக்குச் செகிஞ்சான் வயல்களில் விளைந்த தீட்டாத அரிசி கொடுத்தேன் (அரிசிக் குழு, அ.கு.). மீதிப் பேர் வழக்கமான வெள்ளை அரிசி (வெள்ளைக் குழு, வெ.கு.). யார் எதில் என்று கணினி குலுக்கிப் போட்டது. மாதிரிகளை லேப்பில் சேர்த்தாயிற்று. ஐஸ் பெட்டி ஒன்றைத் தேவி அக்கா வீட்டிலேயே மறந்துவிட்டேன். என் மண்டை!

செவ்வாய், 11
வெயில். ரிசல்ட் வந்தது. இரண்டு குழுவிலும் சர்க்கரை இறங்கியிருக்கிறது. வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று காட்டும் பி-மதிப்பு 0.05 பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

லேப்பில் கூட வேலை பார்க்கும் சுதா: "வித்தியாசம் இல்லன்னாலும் அது ரிசல்ட்தான் லா. எழுதிக் குடு, பாஸ் ஆயிரும்."

உண்மைதான். இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் மாஸ்டர்ஸ் இன்னொரு வருடம் இழுக்கும். 'தீட்டாத அரிசியால் பயன் தெரியவில்லை' என்று முடிவுரை எழுதிவிட்டேன்.

வியாழன், 13
கார் டயர் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கண் மருந்து.

ஐஸ் பெட்டி எடுக்கப் போனேன். தேவி அக்கா வெ.கு. அடுப்பில் சோறு, பழுப்பு நிறம். இது ஏது என்று கேட்டேன்.

"எதிர்வீட்டு ராஜம்மாதான் வாராவாரம் பால் டின்னால அளந்து ரெண்டு டின் குடுத்தா. அவளுக்கு மட்டும் குடுத்திட்டுப் போனே. எனக்கும் அதே வியாதிதானே? தனியா தின்னா அவளுக்குத் தொண்டையில இறங்குமா?"

ராஜம்மா அக்கா வாசலில் நின்று, "ஏம்மா, தப்பா?"

இல்லை என்றேன். மற்ற மாடிகளிலும் விசாரித்தேன். முக்கால்வாசி வீட்டில் இதே கதை. வெ.கு. என்று ஒன்று இருக்கவே இல்லை.

காரில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். எதிரெதிர் கதவுகள் வேறு வேறு குழுவில் விழும்படி ஆள் ஆளாகக் குலுக்கச் சொன்னது நான். ஊர் ஊராகப் பிரி என்று பாடத்தில் இருந்தது. பரீட்சைக்குக் கோடு போட்டுப் படித்தேன், அவ்வளவுதான்.

வெள்ளி, 14
சுதா: "யாருக்குத் தெரியப் போவுது? வாய மூடிக்கிட்டு சப்மிட் பண்ணு."

அரிசி பகிர்ந்தவர்களை மட்டும் நீக்கலாமா? கூடாது. என்ன சாப்பிட்டிருந்தாலும் முதலில் சேர்த்த குழுவிலேயே எண்ண வேண்டும். நீக்கினாலும் மிச்சம் யார்? தலைவலி. பனடோல் ஒன்று.

சனி, 15
அனுப்பிவிட்டேன். மேற்பார்வை மேடத்துக்கு, நடந்தது முழுவதும். மறுபடி செய்ய இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கிறேன்.

காலையில் ரிசல்ட் தாள் கொடுக்கப் போனேன். தேவி அக்காவுக்கு நன்றாக இறங்கியிருக்கிறது. குழந்தை மாதிரி சந்தோஷம். நெத்திலி சம்பலோடு அந்தச் சோற்றையே போட்டுக் கொடுத்தார். நல்ல ருசி.

"அப்ப இனிமே இந்த அரிசியே சாப்பிடட்டுமா?"

நான் முதலில் எழுதிய முடிவுரைப்படி பயனில்லை. வாயோ 'சாப்பிடுங்க' என்று சொல்லத் துடித்தது. அரிசியாலா, நான் வந்து வந்து ஊசி குத்தியதால் பயந்து இனிப்பைக் குறைத்தாரா? எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

"தெரியலக்கா," என்றேன். வெட்கமாக இருந்தது. ஏன் தெரியவில்லை என்றும் சொன்னேன், அரிசி கைமாறியது உட்பட.

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

"தெரியலன்னா மறுபடியும் ஊசி குத்திப் பாரு லா. நாங்க எங்க ஓடியா போயிருவோம்?"