இடது முழங்காலின் சூடு

ஜனவரி 8
ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டையை இரண்டு முழங்காலிலும் கட்டிக்கொண்டேன். குத்தல் இல்லை, ரத்தம் இல்லை. தோலின் சூட்டை மணிக்கொரு தரம் அளந்து டாக்டர் ருகையாவின் கைபேசிக்கு அனுப்பிவிடும். மூட்டுக்குள் அழற்சி இருந்தால் மேலே சூடு காட்டுமாம்.

“மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் டீச்சர். இடது முட்டி சூடு எறங்கலன்னா மாத்திரை வேலை செய்யலன்னு அர்த்தம். ஊசிக்கு மாறணும். சம்மணம் போடறத மறந்துடுங்க.”

ஏப்ரலில் அண்ணன் மகள் நுஸ்ரத்தின் கல்யாணம். நால்வருக்கு ஒரு தாம்பாளம், தரையில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். போன கல்யாணத்தில் எனக்கு மட்டும் நாற்காலி, தனித் தட்டு. ரிஸ்தா கறி உருண்டை தொண்டையில் இறங்கவே இல்லை.

ஜனவரி 15
வலது 31 டிகிரி. இடது 34.
தினம் ஒரு படிவம் வேறு. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? இல்லை. வெந்நீர்ப் பை வைத்தீர்களா? இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள், பொய்யா எழுதுவேன்?

ஜனவரி 20
பனி கொட்டுகிறது. வலிக்கிற காலாயிற்றே என்று, வழக்கம்போலக் கங்கு போட்ட மண்சட்டி வைத்த காங்கிரிக் கூடையை அங்கிக்குள் இடது முட்டிமேல் சாய்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இதமாகத்தான் இருக்கிறது. இடது 34.5. ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?
“ஒன் கோவமெல்லாம் முட்டிக்கு எறங்கிடுச்சு தில்ஷாதா” என்கிறார் என் வீட்டுக்காரர் ஷவ்கத். சிரிப்பு வேறு.

ஜனவரி 24
ஷவ்கத் இடறி என் காங்கிரிச் சட்டி உடைந்தது. கம்பளத்தில் ஓட்டை. நல்ல சண்டை. பனியில் கடைக்குப் போக வழியில்லை, போர்வைக்குள் நடுங்கினேன்.
ஆனால் சாயங்காலம் இடது 31.6! மாத்திரை வேலை செய்கிறது!

ஜனவரி 26
நேற்றுப் புதுக் காங்கிரி வந்தது. இன்று மறுபடி 34. அழுதுட்டேன். போதும், நாற்காலிதான் எனக்கு.

ஜனவரி 30
டாக்டர் கைபேசி வரைபடத்தில் 24-ஆம் தேதிப் பள்ளத்தைக் காட்டிக் கேட்டார். “அன்னிக்கு என்ன புதுசா செஞ்சீங்க?”
“ஒண்ணுமே இல்ல. காங்கிரி ஒடஞ்சுது, அவ்ளோதான்.”
அவர் மெல்லத் தன் அங்கியைத் தூக்கினார். மடியில் காங்கிரி.
“படிவத்துல அது இல்லையே!” என்றேன்.
“படிவம் போட்டவன் வெளியூர்க்காரன். நான் இந்த ஊர்க்காரிதானே? எம்புத்தி எங்க போச்சு?”
வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எனக்குக் கை கால் இருக்கிறது என்று யார் படிவத்தில் எழுதுவார்கள்? காங்கிரியும் எங்களுக்கு அப்படித்தான். இருந்தாலும் வெப்பக் கடத்தல் பாடத்தை இனி எந்த முகத்தோடு நடத்துவேன்?
ஒரு வாரம் காங்கிரி கூடாது.

பிப்ரவரி 6
விறைத்துச் சாகாமல் தப்பித்தேன். இடது 31.3, வலது 31.1. டாக்டர் அழுத்திப் பார்த்தார், வீக்கமும் இல்லை. ஊசி வேண்டாம். தினம் பத்து நிமிடம் சம்மணம் பழகலாம்.

ஏப்ரல் 19
நுஸ்ரத் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள், அண்ணன் வீடு வெறிச்சென்று இருக்கிறது. தாம்பாளத்தில் நாலாவது ஆள் நான். பக்கத்தில் அண்ணி, “மெதுவா தின்னுடி, எங்களுக்கும் வை” என்றாள். ரிஸ்தா இரண்டு உள்ளே போயிற்று.
சாப்பிட்டு எழுந்தேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.