அரக்கோணத்தில் திறந்த பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் ஊர்க் கோயிலின் மலைப்படி ஏறும் வயதானவர்களுக்காக, எங்கே நிழல், எங்கே உட்காரலாம் என்றெல்லாம் எழுதி நானே ஒரு இணையதளம் செய்தேன். நேற்று அதன் முகவரியைப் பள்ளித் தோழிகளின் குழுவுக்கு அனுப்பினேன். யார் உதவியும் இல்லாமல் செய்தது என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி வேண்டாததுதான்.

காலையில் அரக்கோணத்திலிருந்து விமலா கூப்பிட்டாள். வகுப்பில் மதிப்பெண்ணில் எப்போதும் எனக்கு அடுத்து வந்தவள்.

"இன்னாடி, அதைப் பார்க்க உன் வீட்டுக்கே வரணுமா? நேத்துலருந்து அமுக்கிக்கினே இருக்கேன், தொறக்கவே இல்ல."

குரலில் அத்தனை சந்தோஷம்.

பிறகுதான் புரிந்தது. நான் அனுப்பியது என் கணினிக்குள் கோப்பு இருக்கும் இடத்தை. அது இந்த வீட்டில் மட்டும்தான் திறக்கும். ஊரார் பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் ஒரு இடம் வாடகைக்கு எடுத்து அதில் ஏற்ற வேண்டுமாம். மகனைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்கவில்லை. மாலை வரை ஆயிற்று.

புதிய முகவரியை விமலாவுக்கே முதலில் அனுப்பினேன்.

"ஆங், வந்துடுச்சுடி!" என்றவள், பள்ளியில் பாடம் எடுத்த சிஸ்டர் முன்னால் நிற்பதுபோல் முதல் பத்தியை உரக்கப் படித்தாள்.

"படம்தான் வரல. வெறும் கட்டம் இருக்கு."

"ஏத்த மறந்துட்டேன்" என்றேன். அவளிடம் இதுவரை சொல்லாத வார்த்தை.

"சீக்கிரம் ஏத்துடி. ஆடிக் கிருத்திகைக்கு இத நம்பித்தான் மலை ஏறப் போறேன்."

நாளைக் காலையில் முதல் வேலை படம். பிறகு குடையோடு போய், நான் எழுதிய நிழலெல்லாம் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.