வெள்ளிக்கிழமை மாத்திரை

இன்று ஜெயங்கொண்டம் சந்தையில் கீரைக்காரம்மா தானாகவே ஒரு கட்டு மணத்தக்காளியை என் பையில் வைத்தாள். "வாய்ப்புண்ணுக்கு நல்லதுங்கய்யா" என்றாள். எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. போகட்டும். அந்தப் பச்சை வாசனை உன் கடைசி நாட்களின் வாசனை, தங்கச்சி. என் வீட்டில் அது வேகக் கூடாது.

முடக்குவாதத்தில் உன் விரல்கள் முந்திரிக்கொட்டை போல வளைந்திருந்தன. சொம்பைப் பிடிக்க முடியாமல் அழுவாய். தஞ்சாவூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன மஞ்சள் மாத்திரையை எழுதிவிட்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வாரத்துல ஒரே நாள்தாம்மா. தினம் போட்டா உயிருக்கே ஆபத்து. மாசாமாசம் ரத்தம் பாக்கணும். வாயில புண்ணு வந்தா நிறுத்திட்டு உடனே வரணும்." நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன், ஆங்கிலமும் அகராதியை வைத்து நானே கற்றதுதான். பெட்டிக்குள் இருந்த பொடியெழுத்துக் காகிதத்தை பஸ்ஸிலேயே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிலும் அதேதான் இருந்தது.

நீ வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாய். கோயிலுக்குப் போய் வந்து, நெற்றித் திருநீற்றோடு மாத்திரை போட்டுக்கொள்வாய்.

"கோயிலோட முடிச்சுப் போடாத. கிழமைய மட்டும் பிடிச்சுக்க" என்றேன்.

"உனக்குச் சாமின்னாலே ஆவாதுண்ணே. மாத்திரைக்குக்கூட அது துணைக்கு வரக் கூடாதா?" என்று சிரித்தாய்.

சாமி கும்பிடாதவன் என்று என் ஊரான தா.பழூர் முழுக்க எனக்குப் பெயர். அதனால் நான் மருந்தைப் பற்றிச் சொன்னதும் சாமியைப் பற்றிச் சொன்னதாகிவிட்டது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதுவரை உன் மகன்தான் அட்டையிலிருந்து பிரித்துக் கொடுப்பான். கார்த்திகையில் அவனுக்குக் கல்யாணமானதும் வேலையை மருமகளிடம் விட்டாய். "நான் கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் மாத்திரைய எடுத்துக் குடுத்துடும்மா." அவ்வளவுதான் சொன்னாய். மார்கழி பிறந்தது. விடியலில் ஒலிபெருக்கி பாட, தினமும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாய். அந்தப் பெண்ணும் சொன்னபடி தினமும் கொடுத்தாள். "தினமும் போடலாமா அத்தை?" என்று ஒரு நாள் கேட்டாளாம். "மார்கழி முழுக்க வெள்ளிக்கிழமை மாதிரிதாம்மா" என்றாயாம். பின்னால் அவளே என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

வாயெல்லாம் புண்ணாகியது. உடம்புச் சூடு என்று மணத்தக்காளியைக் கடைந்து ஊட்டினார்கள். எனக்கு ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. பொங்கல் சீரோடு நான் வந்தபோது உன்னால் 'அண்ணே' என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கையிலும் காலிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள். மாடத்தில் மாத்திரை அட்டைகள் காலியாகக் கிடந்தன. கரும்பை வாசலிலேயே போட்டுவிட்டு உன்னைக் காரில் ஏற்றினேன்.

"தினமுமா போட்டாங்க?" என்றார் டாக்டர். ரத்தம் ஊறுவதே நின்றுபோயிருந்தது. ஊசிகளும் பாட்டில்களும் உன்னைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

சாவுப் பந்தலில் "மருமக வந்த ராசி" என்றார்கள். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். "ராசியுமில்ல, ஒண்ணுமில்ல. மாத்திரைய என்னைக்குப் போடணும்னு இந்தப் புள்ளைக்கு இந்த வூட்டுல எவன் சொன்னான்?" என்று கத்தினேன். "எழவு வூட்டுலயும் நாத்திகம் பேசறாரு பாரு" என்றான் உன் கொழுந்தன். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. இனிமேலும் குடிக்க மாட்டேன்.

உன் மருமகள்தான் என்னைப் புரிந்துகொண்டாள். வீட்டுக்கு எந்த மருந்து வந்தாலும் எனக்கு போன் போட்டு, "பெரியப்பா, இது தினமுமா, வாரத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிக்கிறாள்.

நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி உன் ஊர்க் கோயில் வாசலில் போய் நிற்கிறேன். விரல் வளைந்த பெண்கள் வெளியே வந்தால், "என்ன மாத்திரைம்மா போடறீங்க? என்னென்னைக்கு?" என்று கேட்கிறேன். சிலர் நின்று சொல்கிறார்கள். சிலர், "கெழவனுக்கு வேற வேலையில்ல" என்று முணுமுணுத்தபடி போகிறார்கள்.

"ஒரு தடவ உள்ளதான் வாயேண்ணே" என்று கூப்பிடுவாய். இன்னும் உள்ளே போகவில்லை, போகவும் மாட்டேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை.