ஒரு மேல்விலங்கு

இல்லை, அச்சுப்பிழை இல்லை, வேண்டுமென்றே மாற்றினார்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன், அம்மா. அவர் பதிப்பாளர். இயக்கங்களின் கவிதைகளைத் தொகுக்கிறார். உன் கவிதையும் வருகிறது. மெய்ப்பு மேசையில் கிடக்கிறது. கடைசி இரண்டு வரி:

நிலம் கேட்டான் என் தம்பி.
கிடைத்தது விதை.

இதை நான் முதலில் படித்தது பல்கலைக்கழக நூலகத்தில். பழுப்பேறிய துண்டறிக்கை, அடியில் உன் பெயர். அந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நீ அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"விதை நல்ல படிமம்மா" என்றேன்.

"நா எழுதுனது வதை. படிமமாம். அது ஒங்க மாமன் முதுகுல நா பாத்ததுடி."

கத்தி நிற்கவில்லை. காவலில் இறந்த மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியபோது நீ பக்கத்தில் நின்றிருந்தாய். பார்த்ததை எழுதினாய். இயக்கத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போய், ஒரு சொல்லை மாற்றி, அச்சடித்துக் கொண்டுவந்தார். அவர் பேசியதை அன்று எனக்கு அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய்.

"வதைன்னு முடிச்சா ஆளுக சோந்து போவாக டீச்சர். விதைன்னா எந்திரிப்பாக."

"செத்தவன் எந்திரிப்பானாப்பா?"

இயக்கத்துக்காரர்களின் கவிதை எதுவும் இருட்டில் முடியக் கூடாது. கடைசி வரியில் விடியலோ சிவப்போ விதையோ வந்தாக வேண்டும். நூலகத்தில் நான் புரட்டிய அத்தனையும் அப்படித்தான் முடிந்தன.

நீ ஒன்றாம் வகுப்பு டீச்சர். 'வ'வை 'வி' ஆக்கும் அந்த வளைவுக்கு, பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுத்த பெயர் மேல்விலங்கு. அதை வைத்தே அவரைத் திட்டியிருக்கிறாய்.

"வெலங்க ஒடைப்போம்னு ஊரெல்லாம் கத்துறீக. எஞ்சொல்லுக்கு ஒரு வெலங்க மாட்டிக் கொண்டாந்துருக்கீகளேப்பா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

பதிப்பாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர் அறிந்தது விதைதான். வதை என்று போட்டால் பிழை என்று நினைப்பார்கள் என்கிறார். உத்தமபாளையம் கூட்டத்தில் திராட்சைத் தோட்டத்துக் கூலிப் பெண்கள் அதைப் பாட்டாகவே பாடினார்களாம். நீயும் போயிருந்தாய்.

"எல்லாரும் கைதட்டிப் பாடுறாக. நா மட்டும் வாய மூடிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? பாடிட்டேன்."

"விதைன்னா பாடின?"

"விதைன்னுதான். அது அவுக பாட்டு. அவுகளுக்கு அது வேணும். நா எழுதுனது வேற."

மாமாவுக்காக வழக்கு எதுவும் நடக்கவில்லை. நெஞ்சுவலி என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவரை அடித்தார்கள் என்று எழுத்தில் சொல்வது உன் ஒரு சொல்தான். அதுவும் இதுவரை அச்சேறவில்லை.

எனக்குள் இரண்டுமே கிடக்கின்றன. வேலை நடுவே முணுமுணுத்தால் விதை என்றுதான் வருகிறது. ராகம் அதற்குப் பழகிவிட்டது. எழுதிப் பார்த்தால் வதை.

இன்று காலை மெய்ப்பில் அந்த வளைவை அடித்தேன். ஓரத்தில் "பிழையல்ல, ஆசிரியர் எழுதியது இதுவே" என்று எழுதினேன். ஸ்கேன் செய்து பதிப்பாளருக்கு அனுப்பினேன்.